நீல நூல் தட்டு

கழுகு என்று அவருக்குப் பட்டம் வைத்தது யார் என்பது விதைப் பண்ணையில் யாருக்கும் நினைவில்லை. அவருக்கு மட்டும் நினைவிருந்தது, ஏனென்றால் வைத்துக்கொண்டது அவரேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு செடி தள்ளி நின்றபடியே ஒரு மொட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த மகரந்தப் பைத் துணுக்கைக் கண்டுபிடித்துவிட்டு, "நமக்குக் கழுகுக் கண்ணுப்பா" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவைத்தார். முதலில் கிண்டலுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். போகப் போகக் கிண்டல் உதிர்ந்து பட்டம் மட்டும் காய்த்து நின்றது. அதற்குப் பின்னாலேயே மேஸ்திரி வேலையும் வந்தது.

பண்ணையில் நடப்பது தக்காளிக் கிராஸிங். தக்காளிப் பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் குடித்தனம். அப்படியே விட்டால் செடி தன் மகரந்தத்தைத் தானே போட்டுக்கொண்டு, அச்சு அசலாகத் தன்னைப் போலவே பிள்ளை பெற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கும். கலப்பு விதை வேண்டுமானால் அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டும். பூ விரிவதற்கு முந்தின நாள் மொட்டை இடுக்கியால் திறந்து, மஞ்சள் கூம்பாக நிற்கிற மகரந்தப் பைகளை ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்து, நடுவில் இருக்கும் பெண் காம்பை மட்டும் நோகாமல் விட்டுவைக்க வேண்டும். மறுநாள் காலை, அப்பன் செடிகளிலிருந்து தட்டி எடுத்த மகரந்தத்தை அதன் நுனியில் தொட்டுவைத்து, பூவின் அடிக்காம்பில் ஒரு நூலைக் கட்ட வேண்டும். ஆளுக்கொரு நிற நூல். யார் கை பட்ட பழம் எது என்று நூல் சொல்லும்.

கை சுத்தமா என்று சொல்வது நூல் இல்லை, தட்டு. பழம் பழுத்ததும் நிறவாரியாகப் பறித்து, விதை எடுத்து, ஒவ்வொருவர் விதையிலும் ஒரு பிடியை ஒரு குழித்தட்டில் விதைப்பார்கள். தாய்ச்செடிக்குத் தண்டு பச்சை, அப்பன் செடிக்கு ஊதா. பிறக்கிற பிள்ளைக்கு எந்தக் குணமானாலும் இரண்டு சீட்டு வரும் என்று டாக்டரம்மா விளக்குவார்கள். தாய் ஒன்று தருவாள், தகப்பன் ஒன்று தருவான். ஊதாச் சீட்டு ஒன்றே ஒன்று இருந்தால் போதும், தண்டு ஊதாதான். அது ஓங்கு பண்பு. பச்சை ஒடுங்கு பண்பு. இரண்டு சீட்டும் பச்சையாக இருந்தால்தான் வெளியே தலைகாட்டும். ஊதாவோடு ஜோடி சேர்ந்த பச்சை தொலைந்துபோவதும் இல்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்து, அடுத்த தலைமுறையில் இன்னொரு பச்சையைப் பார்த்ததும் எழுந்து நிற்கும். இதை முதன்முதலாகக் கேட்டபோது, எங்கள் வீட்டுச் சண்டையும் இதே வகைதான் என்று கழுகு சொல்லிவைக்க, டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்கள். (அவர்கள் செடிகளுக்கு டாக்டர். வந்த புதிதில் வாட்ச்மேன் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டுப் போய், தண்டு அழுகல் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டு வந்தார்.)

ஆகவே தட்டில் எல்லா நாற்றும் ஊதாவாக வந்தால் வேலை சுத்தம். பச்சை முளைத்தால் அந்தப் பூவுக்குள் அப்பன் நுழையவே இல்லை, பிடுங்காமல் விட்ட பையிலிருந்து தாயே தனக்குப் பெற்றுக்கொண்ட பிள்ளை அது. பண்ணையில் 'பச்சை' என்பது வசைச்சொல் மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் திட்டும்போதுகூட அந்த அளவுக்குப் போக மாட்டார்கள்.

நாற்று முளைத்ததும் தட்டு வாசிப்பு. எல்லாரும் சுற்றி நிற்க, மேஸ்திரி ஒவ்வொரு தட்டாகக் கையில் ஏந்தி வாசிப்பார். "சிவப்பு நூல், சுத்தம். வெள்ளை நூல், சுத்தம்." பச்சை அதிகமாக இருந்தால் திட்டெல்லாம் கிடையாது. அந்த ஆளின் இடுக்கியை வாங்கி மேஜைமேல் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அந்த ஆளுக்குக் கழுவுத்தொட்டியில் தட்டு கழுவுகிற வேலை. தொட்டியிலிருந்து செடி நிற்கிற வலைக் கூடாரத்துக்குத் திரும்பியவர்கள் குறைவு. சிவப்பு நூல்காரி அப்படித் திரும்பியவள்தான். அவள் இடுக்கி பெட்டியில் விழுந்த அன்று, "கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியாம்மா?" என்று கழுகு கேட்டதும் கூடாரமே சிரித்தது. சிரிக்கவைக்க முடிந்ததில் அவருக்குப் பல நாள் பெருமை.

அந்தக் கண்தான் இப்போது காலை வாரியிருந்தது.

தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கேட்டுக்கு வெளியே போகிற சைக்கிள்காரன் சட்டையில் பொத்தான் இல்லாததைக்கூடச் சொல்லிவிடுவார். கையில் இருப்பதுதான் புகைந்தது. முதலில் செய்தித்தாள் மையைக் குறைத்துவிட்டது என்றார். அப்புறம் கூடாரத்து வலை அழுக்கு என்றார். மாத்திரை அட்டையில் எழுத்தை எறும்புக்காகவா அச்சடிக்கிறார்கள் என்று மருந்துக்கடையில் சண்டைக்குப் போனார். கண்ணாடி போடலாமே என்று மனைவி சொன்னதற்கு, கழுகு எங்கேயாவது கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் அப்பாவும் இப்படித்தான், கை நீளம் போதவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னாரே தவிர கண் போதவில்லை என்று சொல்லவில்லை. அந்தச் சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

மொட்டுத் திறப்பதைக் கைப்பழக்கத்தில் ஓட்டினார். அதுவும் மேஸ்திரி என்பதால் அவர் இடுக்கி பிடிக்க வேண்டிய நேரமே குறைவு. பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

நீல நூல்காரி அவருடைய கொழுந்தியா, மனைவியின் தங்கை. வாயும் கையும் சேர்ந்தே ஓடுகிற ஆள். அவள் வரிசைக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊர்ச் செய்தி வேறு எங்கும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவள் தட்டில் இதுவரை பச்சை தலைகாட்டியதில்லை. இந்தப் பருவத்தோடு இரண்டாம் கூடாரத்துக்கு அவளையே பொறுப்பாகப் போடுவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டில் அந்தச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு தடுமாறியது.

பூ குவிந்து கிடக்கிற நேரத்தில் அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்து சில நாள் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. மூலையில் இருந்த அவள் வரிசைகள் பாழாகிவிடும். கழுகு பெரிய மனசு பண்ணி, கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரிக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாதே என்று மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தனியாகப் போய், மொட்டுகளைத் திறந்து, மறுநாள் மகரந்தம் தொட்டு, அவளுடைய நீல நூலையே கட்டிவிட்டு வந்தார். உபகாரம் செய்த திருப்தியில் அந்த நாட்களில் சாப்பாடு கொஞ்சம் கூடவே இறங்கியது. விஷயம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாசிப்பு நாளில் நீல நூல் தட்டு கூடாரத்தின் கோடியிலிருந்து வரும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தூரத்தில்தான் எல்லாம் தெரியுமே. ஊதாவுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் பச்சை, மூன்றில் ஒரு பங்கு இருக்கும். யார் கை என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

தட்டு அவர் கைக்கு வந்தது. கொழுந்தியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கேட்பதற்கு முன்பே தன் இடுக்கியை நீட்டினாள்.

"என் வாய்தான் மாமா. பேசிக்கிட்டே பாத்திருப்பேன்."

வாங்கவும் கை வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தைக்குப் பதிலாக அவர் வாயிலிருந்து வந்தது டாக்டரம்மாவிடம் கற்ற பாடம்.

"அவசரப்பட வேண்டாம். அப்பன் செடி சுத்தமான்னு முதல்ல பாக்கணும்."

சொன்ன மாத்திரத்தில் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்பன் செடிகள் அவர்கள் பொறுப்பு. தனிக் கூடாரம், சாவிகூட அவர்கள் இடுப்பில்தான். ஆனால் நியாயமான ஆள். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்பன் செடிகளில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஒரு பச்சைச் சீட்டை ஒளித்துவைத்திருந்தால் வெளியே ஊதாவாகத்தான் தெரியும். அதன் மகரந்தம் நீல நூல்காரியின் டப்பாவுக்குப் போயிருந்தால், அந்தப் பிள்ளைகளில் பாதி பச்சையாகப் பிறக்கும். அவள்மேல் தப்பே இருக்காது.

ஆனால் கண்டுபிடிக்க வழி இருந்தது. தாய்க்கு ஓரம் வெட்டுப்படாத முழு இலை, அப்பனுக்கு வெட்டு இலை. அதிலும் அப்பன் குணமே ஓங்கு. தண்டு நிறம் ஒரு பக்கம் போனாலும் இலை வடிவம் அதோடு சேர்ந்தே போக வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி வழி. "அப்பன் குடுத்த பச்சையா இருந்தா இலையில அவனோட வெட்டு கண்டிப்பா இருக்கும். அப்பனே வரலைன்னா தண்டும் பச்சை, இலையும் முழுசு. இலை விடட்டும், பாப்போம்," என்றார்கள் டாக்டரம்மா.

இடுக்கி பெட்டிக்குள் போகவில்லை, மேஜை ஓரத்திலேயே கிடந்தது. கழுகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு நல்ல மனுஷியைக் காப்பாற்ற இன்னொரு நல்ல மனுஷியைக் கோர்த்துவிட்டாயிற்று. நடுவில் அவர் மட்டும் வெள்ளை வேட்டியில் கறை படாமல் நின்றார்.

கறையை வீட்டில் போய்த்தான் பார்த்தார். மனைவி தைக்கும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடி ஒன்று உண்டு. ரோஜா நிற பிரேம், ஒரு கால் ஒடிந்து நூலால் சுற்றியது. அதை மெல்ல எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். அன்று வேலை முடியும்போது கடைசி வரிசையில் ஒரு மொட்டை எப்போதும் போலத் திறந்து, எப்போதும் போலப் பிடுங்கி, சுத்தமாகிவிட்டது என்று எப்போதும் போல நம்பி, தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தார். பெண் காம்பை ஒட்டி இரண்டு மஞ்சள் துணுக்குகள், ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். நிமிர்ந்தபோது எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி. காது மடலில் அவருக்குத் தெரியாமலே ஒரு நரைத்த புல்வெளி வளர்ந்திருந்தது. ரோஜா நிற பிரேமுக்குப் பின்னால் நின்றது கழுகு இல்லை. மழையில் நனைந்த ஏதோ ஒரு வீட்டுப் பறவை. எத்தனை பேருடைய இடுக்கியை இந்த மூஞ்சி வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறது என்று நினைத்ததும் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தமாவது கேட்கட்டும் என்று.

வெளியே வந்தால் கொழுந்தியா வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கிற அறை இவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. மனைவி தங்கையைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று தலைபாடாகச் சொன்னேனே, இந்த மனுஷன் மானமும் சேர்ந்து போகிறதே, இத்தனை வருஷத்தில் இவர் கையில் ஒரு பச்சை முளைத்திருக்குமா என்று கேட்டாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, முளைத்ததில்லை என்றாள். கழுகு சட்டைப் பைக்குள் கிடந்த ரோஜா நிற பிரேமை வெளியிலிருந்தே கையால் அமுக்கிக்கொண்டார். கண்ணாடியைக் காணோம் என்று மனைவி அதற்குப் பிறகு வீட்டைத் தலைகீழாக்கினாள். அவரும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார். அப்படித் தேடியதுதான் பின்னால் நினைக்கும்போது எல்லாவற்றையும்விடக் கூசியது.

இலை விடுகிறவரை டாக்டரம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பன் செடி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, இலையைத் தான் வாசிக்கப்போவதில்லை என்றார்கள்.

"என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பாக்கும் மேஸ்திரி. உங்க கண்ணுதான் பொய் சொல்லாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

வெட்டு இலை என்று சொல்லிவிட்டால் கொழுந்தியா தப்பித்துவிடுவாள், டாக்டரம்மாவின் அப்பன் செடிகள் எல்லாம் வேரோடு பிடுங்கப்படும். முழு இலை என்றால் கொழுந்தியா கழுவுத்தொட்டிக்கு. எது தெரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். அந்த ஒரு காரியத்தைத்தான் அவரால் செய்ய முடியாது.

இரண்டாவது வாசிப்புக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். நாற்றுகள் அப்போதுதான் இலையைப் பிரித்திருந்தன. ஓரத்து வெட்டு என்றால் அது பெரிய மரத்து இலை வெட்டு இல்லை, நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு சின்னக் கிள்ளல். கழுகு தட்டை ஏந்தினார். பச்சையாகப் புகை தெரிந்தது. கையை நீட்டினார். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. இன்னும் நீட்டினார். அதற்குமேல் கை இல்லை. அப்பா சொன்னது சரிதான், நீளம் போதவில்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்ததில் ஈரமண் பொலபொலவென்று கால்மேல் உதிர்ந்தது. யாரோ இருமினார்கள். வெளிச்சம் போதவில்லையா என்று டாக்டரம்மா கேட்டு, வலையைத் தூக்கிவிடச் சொன்னார்கள். வெளிச்சம் தாராளமாக வந்தது. புகையும் பிரகாசமானது.

அப்போது தோளுக்குப் பக்கத்தில் உதடு அசையாமல் ஒரு குரல்.

"முழு இலை மாமா."

கொழுந்தியாவேதான். தட்டின் மறு ஓரத்தைத் தாங்கிப் பிடிக்கிற சாக்கில் வந்து நின்றிருந்தாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன்னைத் தொட்டிக்கு அனுப்பப்போகிற பதிலை அவளே எடுத்துக்கொடுக்கிறாள், அவர் எல்லார் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக. அப்படியானால் அவர் கண்ணைப் பற்றி இவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியுமோ.

அவர் தட்டை மேஜைமேல் வைத்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, நூல் சுற்றிய கால் பையில் சிக்கிக்கொண்டதில் ஒரு இழுப்பு இழுத்து, ரோஜா நிறக் கண்ணாடியை எடுத்து மூக்கின்மேல் மாட்டினார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து நிறுத்தினாள். இலைகள் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. ஓரம் வழவழவென்று, ஒரு கிள்ளல்கூட இல்லாமல். தண்டில் இருந்த பூனை முடிகூடத் தெரிந்தது. இப்படியெல்லாம் இருந்ததை மறந்தே போயிருந்தார்.

"நீல நூல். பச்சைத் தண்டு, முழு இலை. எல்லாம் தாயோட பிள்ளைங்க. அப்பன் செடியில குத்தம் இல்ல." நழுவிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "நூல்தான் இவளுது. கட்டுனது நான். இவ மக காய்ச்சல்ல கிடந்தப்போ இவ வரிசையை நான்தான் பாத்தேன். கண்ணு தெரியாம பாத்தேன்."

தன் இடுக்கியை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் போட்டார். அந்த 'டங்' சத்தத்தை அவர் இதுவரை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. இவ்வளவு சத்தமாகவா இருந்தது.

ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடித்துவைக்க யாராவது வருவார்கள் என்று உள்மனசில் ஒரு மூலை எதிர்பார்த்தது. சிவப்பு நூல்காரிதான் வாயைத் திறந்தாள்.

"என்னண்ணே, கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே அது போதவில்லை போலிருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா மேஜை ஓரத்தில் கிடந்த இடுக்கியை எடுத்துக் கொழுந்தியா கையில் கொடுத்தார்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, கண்ணு தெரியலைன்னு சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட்டுவிட்டிருப்பேனே என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பன் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

கழுவுத்தொட்டி கூடாரங்களுக்குப் பின்னால். குழித்தட்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலை விட்டுப் பழைய மண்ணையும் வேரையும் வழித்து எடுக்க வேண்டும். கண் தேவைப்படாத வேலை, விரல் போதும். அங்கே அவரைக் கழுகு என்று யாரும் கூப்பிடவில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை. வைத்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இரண்டாம் கூடாரத்துப் பொறுப்பை ஏற்ற பிறகு ஒருநாள் கொழுந்தியா அழுக்குத் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆளை அனுப்பியிருக்கலாம், தானே வந்திருந்தாள். தொட்டி ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு, அக்கா இன்னும் கண்ணாடிக் கதையைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறாளா என்று விசாரித்தாள். தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னால் என்றார். அவள் சிரித்தாள். அந்தத் தைரியத்தில்தான் கேட்டார், என் கண் பற்றி உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று.

"ரொம்ப நாளா. நீங்க கைக்கடிகாரத்தைப் பாக்காம சூரியனைப் பாத்து மணி சொன்னப்போவே."

"அப்போ அந்தப் பச்சையெல்லாம் என் வேலைன்னு?"

"பழம் பறிக்கும்போதே தெரியும் மாமா. நான் கட்டுறது ஒத்தை முடிச்சு. நீங்க ரெட்டை முடிச்சு போட்டிருந்தீங்க, அவிழ்க்கவே முடியல. பாதிப் பழம் அந்த முடிச்சுதான்."

கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. இடுக்கியை நீட்டிக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் வாய்தான் மாமா என்று சொன்னபோதும், அக்காவிடம் தலைகுனிந்து ஏச்சு வாங்கியபோதும்.

"அப்புறம் ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "அப்பன் செடின்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அப்பதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். கூடாரத்து வாசலை எட்டும் முன்பே அவள் பேச்சுச் சத்தம் ஆரம்பித்துவிட்டது; யாரையோ இடுக்கியை நேராகப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு அவள் முகம் நன்றாகவே தெரிந்தது. பார்க்கத்தான் முடியவில்லை. குனிந்து, ஏற்கெனவே கழுவின தட்டையே இன்னொரு முறை கழுவ ஆரம்பித்தார்.